எண் கொடுத்தார்கள், எடுத்துக்கொள்ளவில்லை: 1917இல் அமெரிக்கக் கடற்படை பரிசோதித்த உல்லாசப் படகுகள்

முதல் உலகப் போர்க் காலத்து அமெரிக்கக் கடற்படைப் பதிவுகளில் 'எஸ்.பி.' என்று தொடங்கும் ஒரு நீண்ட எண் வரிசை இருக்கிறது. எஸ்.பி. என்றால் செக்‌ஷன் பேட்ரோல், அதாவது கரையோரத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்துக் காவல் காக்கும் பணி. அந்தப் பணிக்கு உதவுமா என்று பார்த்து, தனியார் வைத்திருந்த உல்லாசப் படகுகளுக்கு ஒவ்வொன்றாகக் கொடுத்த எண்கள்தான் இவை, பின்னால் சரக்குக் கப்பல்களும் இழுவைப் படகுகளும் அதே வரிசையில் சேர்ந்ததால் எண்ணிக்கை நாலாயிரத்தைத் தாண்டிப் போய்விட்டது. இதில் என்னை மிகவும் ஈர்த்தது என்னவென்றால், எண் வாங்கிய படகுகளில் நிறைய படகுகள் கடற்படையில் ஒரு நாள்கூட வேலை செய்யவில்லை. உரிமையாளர் பெயர், கட்டிய பட்டறை, ஆண்டு, நீளம், அகலம், எஞ்சின், வேகம் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார்கள், பல படகுகளுக்கு ஒரு புகைப்படத்தையும் சேர்த்து வைத்தார்கள், அப்புறம் வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள்.

ஏன் கேட்டார்கள், ஏன் விட்டார்கள் என்பதுதான் இங்கே பேச வேண்டிய விஷயம். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடற்படைக்கு அந்தப் படகுகளால் கிடைத்த பயன் குறைவு. அவற்றை ஓட்டிப் பழகிய ஆட்களாலும், அவற்றைக் கட்டிய பட்டறைகளாலும், அவற்றுக்காகவே வளர்ந்த பெட்ரோல் எஞ்சினாலும் கிடைத்தது மிகப் பெரியது.

மோட்டார் படகு அப்போது ரொம்பப் புதிய பொருள். 1886இல் ஜெர்மனியின் நெக்கார் ஆற்றில் காட்லீப் டைம்லர் தன் எஞ்சினைப் படகில் பொருத்தி ஓட்டிப் பார்த்தார். பெட்ரோல் வெடித்துவிடும் என்று ஜனங்கள் பயந்ததால், மின்சாரப் படகுபோலத் தெரியட்டும் என்று சுற்றிலும் கம்பிகளையும் பீங்கான் இன்சுலேட்டர்களையும் மாட்டினார் என்று சொல்வார்கள். அமெரிக்காவில் நீராவிப் படகு வைத்திருந்தால் உரிமம் பெற்ற எஞ்சினியர் ஒருவரை வேலைக்கு வைத்தாக வேண்டும், அந்தச் செலவைத் தவிர்க்கவே பணக்காரர்கள் முதலில் நாஃப்தா என்ற, பெட்ரோலைப் போன்ற எண்ணெயில் ஓடும் எஞ்சினுக்கும் பிறகு பெட்ரோல் எஞ்சினுக்கும் மாறினார்கள். உரிமையாளரே சக்கரத்தைப் பிடிக்கலாம், எஞ்சினில் கோளாறு வந்தால் அவரே பார்த்துக்கொள்ளலாம். பின்னால் கடற்படைக்குத் தேவைப்பட்டது இந்தப் பழக்கம்தான்.

போட்டிகள் இதை வேகமாக வளர்த்தன. 1903இல் அயர்லாந்தின் கார்க் துறைமுகத்தில் நடந்த முதல் ஹார்ம்ஸ்வர்த் கோப்பை மோட்டார் படகுப் போட்டியை 'நேப்பியர்' என்ற படகு வென்றது, அதை ஓட்டியவர் டோரதி லெவிட். மறு ஆண்டு அமெரிக்காவின் ஹட்சன் ஆற்றில் முதல் கோல்டு கப் போட்டி நடந்தது, வென்ற படகின் பெயர் 'ஸ்டாண்டர்ட்', அதில் இருந்ததும் ஸ்டாண்டர்ட் கம்பெனியின் 110 குதிரைத்திறன் எஞ்சின். இந்தக் கம்பெனிப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கதையில் மறுபடியும் வரும்.

1914 பிப்ரவரியில் பாஸ்டன் யாட் (உல்லாசப் படகு) கிளப்பைச் சேர்ந்த ரோஜர் அப்டன் முன்னின்று 'யுனைடெட் ஸ்டேட்ஸ் பவர் ஸ்க்வாட்ரன்ஸ்' என்ற அமைப்பு தொடங்கப்பட்டது. மோட்டார் படகு ஓட்டுபவர்களுக்குக் கடல் வரைபடம் படிக்கவும், திசை கணிக்கவும், கடல் விதிகளைத் தெரிந்துகொள்ளவும் சொல்லிக்கொடுப்பதுதான் அதன் வேலை. அப்போது கடற்படைத் துணை அமைச்சராக இருந்தவர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட், சின்ன வயதிலிருந்தே படகும் கடலுமாக வளர்ந்தவர், இந்த முயற்சிக்கு அவருடைய முழு ஆதரவு இருந்தது. ஐரோப்பாவில் போர் மூண்டு, அமெரிக்கா அதில் சேராமல் இருந்த அந்த இடைக்காலத்தில் படகுக்காரர்கள் நிஜமாகவே தயாராகிக்கொண்டிருந்தார்கள். 1916 ஆகஸ்ட் 29ஆம் தேதி வந்த கடற்படைச் சட்டம் ஒரு ரிசர்வ் படையை, அதாவது தேவைப்படும்போது கூப்பிட்டுக்கொள்ளும் துணைப்படையை, உருவாக்கியது. அதன் கரையோரப் பாதுகாப்புப் பிரிவில், கடற்படைக்கு உதவக்கூடிய யாட்டும் மோட்டார் படகும் வைத்திருப்பவர்கள் படகோடு சேர்ந்துகொள்ள வழி இருந்தது.

சட்டம் வந்து ஆறு வாரத்துக்குள் ஒரு சம்பவம் எல்லோரையும் உலுக்கிவிட்டது. அக்டோபர் 7ஆம் தேதி யூ-53 என்ற ஜெர்மன் நீர்மூழ்கி, யாரும் எதிர்பாராமல் ரோட் ஐலண்டின் நியூபோர்ட் துறைமுகத்துக்குள் வந்து நின்றது. அமெரிக்கா நடுநிலை நாடு என்பதால் அதன் தலைவர் ஹான்ஸ் ரோஸ் மரியாதைக்குச் சந்திக்க வேண்டியவர்களைச் சந்தித்துவிட்டுக் கிளம்பினார், மறுநாள் நான்டக்கெட் தீவுக்கு அப்பால் ஐந்து கப்பல்களை மூழ்கடித்தார். அட்லாண்டிக்கைத் தாண்டி நீர்மூழ்கியால் வர முடியும் என்பது அன்றைக்கு எல்லோருக்கும் உறைத்தது. அமெரிக்கா 1917 ஏப்ரல் 6 அன்று போரில் இறங்கியபோது, நீண்டு கிடக்கும் கரைக்குக் காவல் வேண்டும், கைவசம் கப்பல் இல்லை, ஒவ்வொரு யாட் கிளப்பிலும் படகுகள் நிற்கின்றன. அதைக் கடற்படை கேட்டதில் தப்பே இல்லை.

சரி, கேட்டார்கள், வந்து பார்த்தார்கள். எதனால் கழித்தார்கள்?

முதல் காரணம் வேகமும் நீளமும். தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகிற சாதாரண வடிவப் படகுக்கு ஓர் இயற்கை வரம்பு உண்டு. தண்ணீரைத் தொடும் நீளத்தை அடியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34ஆல் பெருக்கினால் வருவதுதான் அது சிரமமில்லாமல் போகக்கூடிய வேகம், நாட் கணக்கில். (ஒரு நாட் என்றால் மணிக்கு சுமார் 1.85 கிலோமீட்டர்.) 36 அடி நீளத்துக்கு வர்க்கமூலம் 6, வேகம் எட்டு நாட். உடம்பைக் குறுக்கி எஞ்சினைப் பெரிதாக்கினால் கூடுதலாகப் போகலாம்தான், ஆனால் குடும்பத்தோடு ஞாயிற்றுக்கிழமை போய்வரக் கட்டிய கேபின் படகுகளில் பெரும்பாலானவை இந்த எல்லைக்குப் பக்கத்திலேயே ஓடியவை. யூ-53 நீருக்கு மேலே 17 நாட் போகும். மூழ்கியிருக்கும்போதுகூட ஒன்பது நாட் போகும். ஆக எட்டு நாட் படகால் அதைத் துரத்தவும் முடியாது, அதனிடமிருந்து தப்பவும் முடியாது.

மறுபக்கம் பந்தயப் படகுகள் இருந்தன. அவை நீருக்கு மேலே எழும்பி, தட்டைக் கல் தண்ணீரில் தத்திப் போவதுபோல மேற்பரப்பில் வழுக்கிக்கொண்டு 30 நாட்டுக்கு மேல் போயின. ஆனால் அந்த வித்தை முழுக்க எடையை நம்பியது. ஒரு துப்பாக்கி, அதற்குக் குண்டுப் பெட்டிகள், நாலைந்து ஆட்கள், இரண்டு நாளுக்கான பெட்ரோல் என்று ஏற்றினால் படகு மேலே எழும்பவே எழும்பாது. எழும்பினாலும், கொஞ்சம் அலை அடித்தால் அந்த மெல்லிய பலகை தாங்காது.

இரண்டாவது ஆயுதம். இத்தகைய படகுகளில் பொருத்த முடிந்தது பெரும்பாலும் 'ஒன்-பவுண்டர்' எனும் 37 மில்லிமீட்டர் பீரங்கி, இல்லையென்றால் ஒரு இயந்திரத் துப்பாக்கி. யூ-53இல் இருந்தவை இரண்டு 88 மில்லிமீட்டர் பீரங்கிகள். படகின் பீரங்கி எட்டும் தூரத்துக்குள் நீர்மூழ்கி வருவதற்கு வெகுமுன்பே நீர்மூழ்கியின் பீரங்கி எட்டும் தூரத்துக்குள் படகு வந்துவிடும். அந்தச் சின்ன பீரங்கியையும் தாங்க மேல்தளத்துக்கு அடியில் பலமான கட்டைகள் வேண்டும், உல்லாசப் படகின் மேல்தளம் நாற்காலி போட்டு உட்காரக் கட்டியது. நீருக்கடியில் வெடிக்கும் ஆழக்குண்டுகள் வந்த பிறகு இன்னொரு சிக்கல் சேர்ந்தது. குண்டைப் போட்டுவிட்டு அது வெடிப்பதற்குள் தூரமாகப் போய்விட வேண்டும், மெதுவான படகானால் தன் குண்டே தன் வாலைப் பிய்த்துவிடும். வேகம் குறைந்த படகுகளுக்காகவே பிரிட்டன் 300 பவுண்டு குண்டுக்குப் பதிலாக 120 பவுண்டு வகை ஒன்றைத் தனியாகச் செய்ய வேண்டியிருந்தது.

மூன்றாவது, டைம்லர் காலத்திலேயே ஜனங்கள் பயந்த அதே பெட்ரோல். மூடிய எஞ்சின் அறையில் ஆவி தேங்கினால் ஒரு பொறி போதும். லாங் ஐலண்டின் கிரீன்போர்ட்டில் 1916இல் கட்டப்பட்ட 'சிங்காச்குக்' என்ற மோட்டார் படகுக்கு எஸ்.பி. 35 என்று எண் கொடுத்து, கடற்படை அதை வேலைக்கும் எடுத்துக்கொண்டது. 1917 ஜூலை 31 அன்று அதன் பெட்ரோல் தொட்டி வெடித்துப் படகு எரிந்து போனது. எதிரி ஒரு குண்டுகூடப் போடவில்லை. ஆபத்து எதிரியிடமிருந்து மட்டும் வரவில்லை என்பதற்கு இன்னோர் உதாரணம், வில்லியம் வாண்டர்பில்ட் வைத்திருந்த 'டாரண்டுலா', எஸ்.பி. 124. நன்றாகவே காவல் வேலை பார்த்துவந்த அந்தப் படகு, போர் முடிய இரண்டு வாரம் இருக்கும்போது, 1918 அக்டோபர் 28 அன்று, ஃபிரிஸியா என்ற டச்சுப் பயணிகள் கப்பலோடு மோதி மூழ்கியது.

எடுத்துக்கொண்ட படகுகள் என்ன செய்தன என்றால், சலிப்பான, ஆனால் யாராவது செய்தே ஆக வேண்டிய வேலைகளைச் செய்தன. துறைமுக வாயிலில் நின்று வருகிற கப்பலை விசாரித்தன, நீர்மூழ்கியைத் தடுக்கப் போட்ட வலைகளைக் காவல் காத்தன, கடிதமும் அதிகாரிகளும் ஏற்றிப் போயின. ஒரு பெரிய போர்க்கப்பல் செய்தால் வீணாகும் வேலையை இவை எடுத்துக்கொண்டதால் அந்தப் பெரிய கப்பல் வேறு இடத்துக்குப் போக முடிந்தது. மதிப்பைக் கணக்குப் போடும்போது இதையும் சேர்க்க வேண்டும், நீர்மூழ்கியை மூழ்கடித்தார்களா என்று மட்டும் கேட்டால் இவர்களுக்கு அநியாயம் செய்தவர்களாவோம். பெரிய நீராவி யாட்டுகளின் கதை வேறு, ஜே.பி. மார்கனின் 'கோர்ஸேர்' மாதிரியானவை பிரான்ஸ் வரை போய்க் கடும் காவல் பணி செய்தன, அவற்றில் ஒன்றான 'அல்ஸீடோ' 1917 நவம்பரில் டார்பிடோ (நீருக்கடியில் தானே ஓடிப்போய் வெடிக்கும் குண்டு) பட்டு மூழ்கியது.

1918இல் நீர்மூழ்கிகள் உண்மையிலேயே வந்தன. ஜூன் 2 அன்று யூ-151 ஒரே நாளில் நியூஜெர்சிக்கு அப்பால் ஆறு கப்பல்களை மூழ்கடித்தது. ஜூலை 21 அன்று யூ-156 மாசசூசெட்ஸின் ஆர்லியன்ஸ் கடற்கரைக்கு முன்பாகவே ஒரு இழுவைப் படகையும் அது இழுத்துவந்த பார்ஜ்களையும் (தட்டையான சரக்குப் படகுகள்) சுட்டது, குளிக்க வந்தவர்கள் கரையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். சின்ன மோட்டார் படகுகளின் காவல் வளையம் இதைத் தடுக்கவில்லை, தடுத்திருக்கவும் முடியாது.

இதையெல்லாம் பிரிட்டன் மூன்று ஆண்டுகளுக்கு முன்பே அனுபவித்துவிட்டது. 1914 ஆகஸ்டில் போர் தொடங்கியதுமே அங்கே மோட்டார் படகுக்காரர்கள் தாமாக முன்வந்து படகுகளைக் கொடுத்தார்கள், அதற்கென்று ராயல் நேவல் மோட்டார் போட் ரிசர்வ் அமைக்கப்பட்டது. மனமுவந்து வந்தவர்கள், சந்தேகமில்லை. ஆனால் வந்த படகுகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவு, ஒவ்வொரு எஞ்சின். ஒன்றின் உதிரிப்பாகம் இன்னொன்றுக்குப் பொருந்தாது. நாலு படகு சேர்ந்து போனால் மெதுவான படகின் வேகத்தில்தான் எல்லாம் போக வேண்டும். குளிர்காலக் கடலில் பலவற்றால் வெளியே போகவே முடியவில்லை. படகு வைத்திருப்பவர்களின் நல்லெண்ணத்தை மட்டும் வைத்து ஒரு படையைக் கட்ட முடியாது, ஒரே மாதிரியான நூறு படகு வேண்டும் என்பதை பிரிட்டிஷ் கடற்படை அந்தக் குளிர்காலத்தில் புரிந்துகொண்டது என்று நான் நினைக்கிறேன்.

இங்கேதான் உல்லாசப் படகுத் தொழில் நிஜமான உதவியைச் செய்தது. நியூஜெர்சியின் பேயோனில் இருந்த எல்கோ கம்பெனி, 1893இல் சிகாகோ உலகக் கண்காட்சியில் மக்களை ஏற்றிப் போக 55 மின்சாரப் படகுகள் கட்டிக்கொடுத்துப் பெயர் வாங்கிய கம்பெனி. 1915 ஏப்ரலில் பிரிட்டன் அவர்களிடம் 75 அடி நீள மோட்டார் லாஞ்ச் 50 கேட்டது. மே மாதம் லூசிடானியா என்ற பிரிட்டிஷ் பயணிகள் கப்பல் ஜெர்மன் நீர்மூழ்கியால் மூழ்கடிக்கப்பட்ட பிறகு, 80 அடி நீளத்தில் இன்னும் 500 கேட்டது. அமெரிக்கா நடுநிலை நாடு, போர்ப் படகு கட்டி விற்கக் கூடாது. அதனால் எல்கோ ஹென்றி சட்ஃபென் தலைமையில் துண்டு துண்டாகச் செய்து, கனடாவின் மாண்ட்ரியலுக்கும் க்யூபெக்குக்கும் அனுப்பி அங்கே பூட்டியது. 550 படகுகளையும் 488 நாளில் முடித்தார்கள். கப்பல்களின் மேல்தளத்தில் சரக்காக ஏற்றி அட்லாண்டிக்கைக் கடத்தினார்கள். பின்னால் சேர்ந்த 30ஐயும் கூட்டினால் மொத்தம் கட்டியது 580. ஒவ்வொன்றிலும் 220 குதிரைத்திறன் எஞ்சின் இரண்டு, வேகம் 19 நாட். அந்த எஞ்சினைச் செய்தது 1904இல் கோல்டு கப் வென்ற அதே ஸ்டாண்டர்ட் கம்பெனி. பதினொரு ஆண்டுகளில் பந்தயத்திலிருந்து போருக்கு வந்துவிட்ட எஞ்சின் அது.

அந்த லாஞ்ச்களை ஓட்டியவர்கள் யார்? பெரும்பாலும் தன்னார்வ ரிசர்வ் அதிகாரிகள், சொந்தப் படகு ஓட்டிப் பழகியவர்களும் அவர்களில் நிறைய. 1918 ஏப்ரல் 23 அன்று பெல்ஜியத்தின் ஸீப்ரூகா துறைமுகத்தை அடைக்கப் பழைய கப்பல்களைக் கொண்டுபோய் மூழ்கடித்தபோது, அவற்றின் ஆட்களைத் திருப்பிக் கூட்டிவருவது இந்த லாஞ்ச்களின் வேலை. பெர்சி டீன் என்ற ரிசர்வ் லெஃப்டினன்ட் எம்.எல். 282 என்ற மோட்டார் லாஞ்சை இயந்திரத் துப்பாக்கிகள் சுட்டுக்கொண்டிருக்கும்போதே கால்வாய்க்குள் கொண்டுபோய் நூறு பேருக்கும் மேலாக ஏற்றிக்கொண்டு வந்தார். பெட்ரோல் தொட்டி உள்ள ஒரு மரப்படகில், அத்தனை பேரை அடைத்துக்கொண்டு! பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா கிராஸ் கொடுத்தார்கள். அடுத்த மாதம் பெல்ஜியத்தின் இன்னொரு துறைமுகமான ஆஸ்டெண்டில் நடந்த தாக்குதலில் அதே விருது பெற்ற ரோலண்ட் போர்க், கண்பார்வை போதாது என்று கனடாவில் படையில் சேர்க்க மறுக்கப்பட்டவர்.

அமெரிக்காவிலும் இதே வழிதான் கடைசியில் பிடிபட்டது. ரூஸ்வெல்ட் 50 அடிப் படகுகளை நிறைய வாங்கலாம் என்று விடாமல் வாதாடினார், அமைச்சர் ஜோசஃபஸ் டேனியல்ஸுக்கு அதில் நம்பிக்கை இல்லை. என்னைக் கேட்டால் டேனியல்ஸ் பக்கம்தான் நியாயம் இருந்தது, மேலே சொன்ன வர்க்கமூலக் கணக்கே போதும். ஆனால் இன்னொரு திட்டத்திலும் ரூஸ்வெல்ட் ஆர்வம் காட்டினார், அது பலித்தது. யாட் வடிவமைப்பாளரான ஆல்பர்ட் லோரிங் ஸ்வேஸி வரைந்த 110 அடி மரப்படகு, 'சப் சேஸர்', அதாவது நீர்மூழ்கி துரத்தி, என்று பெயர். இரும்பும் பெரிய கப்பல்தளங்களும் டெஸ்ட்ராயர்கள் எனும் வேகமான போர்க்கப்பல்கள் கட்டுவதற்கே போதாமல் இருந்த நேரத்தில், இதை மரப்படகுப் பட்டறைகளிடம் கொடுத்து நானூறுக்கு மேல் கட்டினார்கள், நூறு பிரான்ஸுக்குப் போனது. எஞ்சின்? மறுபடியும் ஸ்டாண்டர்ட் கம்பெனியின் 220 குதிரைத்திறன், படகுக்கு மூன்று. பெர்முடாவிலும் அஸோர்ஸிலும் நின்று நின்று, சொந்த எஞ்சினிலேயே அட்லாண்டிக்கைக் கடந்து கிரீஸின் கார்ஃபு தீவு வரை போனவை உண்டு. ஓட்டியவர்களில் பெரும்பாலோர் ரிசர்வ் ஆட்கள்.

பந்தயப் படகு வழியும் வீணாகவில்லை. பிரிட்டனின் தார்னிக்ராஃப்ட் கம்பெனி 1910இல் 'மிராண்டா 4' என்ற 26 அடி நீளப் படகைக் கட்டியிருந்தது, அடிப்பாகத்தில் ஒரு படி வைத்து நீர்மேல் எழும்பும் வகை. 1915இல் இங்கிலாந்தின் ஹாரிச் துறைமுகத்தில் இருந்த மூன்று இளம் கடற்படை அதிகாரிகள், இப்படி ஒரு படகில் ஒரே ஒரு டார்பிடோவை ஏற்றினால் என்ன என்று யோசனை சொன்னார்கள். போர்க்கப்பலின் கொக்கியில் தொங்கவிட்டுக் கொண்டுபோகலாம், அதனால் நாலேகால் டன்னுக்குள் இருக்க வேண்டும் என்பது கட்டளை. 40 அடி கோஸ்டல் மோட்டார் போட் இப்படித்தான் பிறந்தது. எடை பிரச்சினையை அவர்கள் தீர்த்த விதம் அற்புதம். டார்பிடோவைச் செலுத்தக் குழாய் கிடையாது, பின்பக்கத் தொட்டியிலிருந்து டார்பிடோவை வால் முன்னால் போகும்படி நீரில் தள்ளிவிட்டு, அது கிளம்பி வருவதற்குள் படகு பாதையை விட்டு விலகிவிடும். 1919 ஜூன் 17 அன்று பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி அகஸ்டஸ் ஏகர் இந்த வகைப் படகு ஒன்றில் போய் 'ஒலேக்' என்ற ரஷ்யப் போர்க்கப்பலை மூழ்கடித்தார்.

எண் மட்டும் வாங்கிய படகுகளுக்கு வருவோம். போருக்கு முந்தைய சின்ன மரப்படகுகளில் பெரும்பாலானவை அழுகியும் எரிந்தும் போய்விட்டன, அவற்றைக் கட்டிய பட்டறைகளும் மூடிவிட்டன. 1917இல் கடற்படை எழுதி வைத்த தாளும் ஒட்டி வைத்த படமும் இருப்பதால்தான் ஒரு பழைய படகைச் சரிசெய்ய நினைப்பவருக்கு அசல் நீளமும் எஞ்சினும் கேபின் அமைப்பும் தெரிகிறது. வேண்டாம் என்று விட்ட படகுக்கும் தாளைக் கிழிக்காமல் வைத்திருந்தார்களே என்பதில் எனக்கு மிகுந்த சந்தோஷம்.

1942இல் நீர்மூழ்கிகள் மறுபடியும் அமெரிக்கக் கரைக்கு வந்தபோது படகுக்காரர்கள் மறுபடியும் முன்வந்தார்கள். கடற்படை இந்தத் தடவை மாதக்கணக்கில் மறுத்தது. எண்ணெய்க் கப்பல்கள் கரைக்குப் பக்கத்திலேயே எரிந்துகொண்டிருக்க, எதிர்ப்புக் குரல் வலுத்த பிறகுதான் கடலோரக் காவல் படையின் கீழ் அவர்களைச் சேர்த்துக்கொண்டது. அப்போது நன்றாக உதவியவை பாய்மர யாட்டுகள். பெட்ரோல் வேண்டாம், பல நாள் கடலிலேயே கிடக்கலாம், எஞ்சின் சத்தம் இல்லாததால் நீருக்கடியில் வரும் ஓசையைக் கேட்கலாம், எதையாவது பார்த்தால் ரேடியோவில் சொன்னால் போதும், சுட வேண்டியதை வேறு யாராவது வந்து சுடுவார்கள். 1917இல் சின்னப் படகுகளைப் பரிசோதித்த அதிகாரிகளிடம் இல்லாதது இந்த ரேடியோதான், அவர்கள் ஒவ்வொரு படகையும் தனியாக நின்று சண்டை போடுமா என்று பார்த்தார்கள்.